வரிக்குள் நிற்கும் சமன்பாடு

ஒரு பாடநூலில் 2⁵ என்று வரவேண்டிய இடத்தில் 25 என்று அச்சாகிவிட்டால், மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் அது படுவது அரிது. 25ம் ஓர் எண்தானே. வாக்கியம் தடையில்லாமல் ஓடிவிடும். கணக்கைப் போட்டுப் பார்க்கும் மாணவருக்குத்தான் 32 வரவேண்டிய இடத்தில் 25 வந்து, விடை எங்கேயோ போய் நிற்கும். தப்பு தன்னுடையது என்றே அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். நூலாசிரியர் கொடுத்த வேர்டு ஃபைலில் அந்த 5 ஒழுங்காக மேலேதான் இருந்திருக்கும். பக்கம் அமைக்கும் மென்பொருளுக்குள் அதை வெறும் எழுத்தாக ஒட்டியபோது எண் வந்து சேர்ந்தது. அது நிற்கவேண்டிய உயரம் வந்து சேரவில்லை.

மருந்தியல் நூலில் இதே கோளாறு இன்னும் ஆபத்தானது. 'சிம்பல்' என்ற பழைய எழுத்துருவில் கிரேக்க எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஏ விசையை அழுத்தினால் ஆல்ஃபா வரும், எம் விசையை அழுத்தினால் மியூ வரும். மைக்ரோகிராமைக் குறிக்கும் மியூவை இப்படி அடித்து வைத்திருக்கும் ஒரு ஃபைலில் யாராவது மொத்தமாக எழுத்துருவை மாற்றிவிட்டால், மியூ மறுபடியும் எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும்.

தமிழில் டி.டி.பி. வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாமினி எழுத்துருவில் எக்ஸ் விசையில் 'ஒ' இருக்கிறது. ஒய் விசையில் 'ல' இருக்கிறது. இயற்கணிதப் பக்கம் ஒன்றை முழுவதுமாகத் தேர்ந்தெடுத்து பாமினிக்கு மாற்றினால், எக்ஸும் ஒய்யும் இருந்த இடங்களில் ஒவும் லவும் வந்து நிற்கும். பிறகு ஒவ்வொரு மாறியையும் தேடிப்பிடித்து ஆங்கில எழுத்துருவுக்குத் திருப்பவேண்டும். கண்ணுக்குத் தப்பிய ஒன்றிரண்டு அச்சேறிவிடும்.

இந்த மூன்று கோளாறுகளுக்கும் வேர் ஒன்றுதான். உரைநடை ஒரே திசையில் ஓடுவது. ஓர் எழுத்துக்கு அடுத்து இன்னோர் எழுத்து, வரி முடிந்தால் அடுத்த வரி. சமன்பாடு பக்கவாட்டிலும் ஓடும், மேலும் கீழும் அடுக்கிக்கொண்டும் போகும். அதில் ஒரு குறி என்ன என்பதோடு, அது எந்த உயரத்தில் நிற்கிறது, யாரோடு சேர்ந்து நிற்கிறது என்பதும் பொருளில் அடங்கும். பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் நெடுங்காலம் அதை எழுத்துகளின் வரிசையாக நடத்தின, அல்லது ஒரு படமாக நடத்தின. இரண்டிலும் அதன் உள்ளமைப்பு தொலைந்துபோகிறது. நூலாசிரியரின் கையிலிருந்து வாசகரின் கண் வரைக்கும் அந்த உள்ளமைப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முழு வேலையும். அழகு அதற்குப் பின்னால் தானாக வரும்.

உள்ளமைப்பு என்று சொல்வது எதை என்று ஒரு சின்னக் குறியை வைத்தே பார்க்கலாம். 5 − 3 என்பதில் ஒரு கழித்தல் குறி இருக்கிறது. −3 என்பதிலும் ஒன்று இருக்கிறது. குறியின் வடிவம் ஒன்றே, வேலை வேறு. முதலாவது இரண்டு எண்களுக்கு நடுவே நின்று செயல்படுகிறது. அதற்கு இருபுறமும் கொஞ்சம் காற்று வேண்டும். இரண்டாவது, எண்ணோடு ஒட்டிக்கொண்டு அதன் தன்மையைச் சொல்கிறது. அங்கே இடைவெளி விட்டால் வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். சமக்குறிக்கு இன்னும் சற்று அதிக இடைவெளி தேவை, ஏனென்றால் சமன்பாட்டின் இரண்டு பக்கங்களையும் கண் முதலில் அங்கேதான் பிரிக்கிறது. நல்ல அச்சுக்கோப்பாளர்கள் இதையெல்லாம் பழக்கத்தால் செய்தார்கள். சைன், லாக் போன்ற சார்புப் பெயர்களை நேர் எழுத்திலும், மாறிகளைச் சாய்வெழுத்திலும் கோத்தார்கள். சைன் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும் சாய்த்துவிட்டால், கணித வழக்கப்படி அது மூன்று மாறிகளின் பெருக்கல் ஆகிவிடும்.

ஈய எழுத்துக் காலத்தில் இது மிகவும் கடினமான வேலை. மோனோடைப் இயந்திரம் எழுத்துகளை வார்த்துக் கொடுத்தாலும், பின்னத்தின் கோடு, வர்க்கமூலத்தின் கூரை, தொகையீட்டுக் குறியின் மேலும் கீழும் வரும் எல்லைகள் எல்லாவற்றையும் கையால்தான் பொருத்தவேண்டியிருந்தது. சுற்றிலும் வெற்றிடத்தை நிரப்புவதற்கு மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகவேண்டும். ஒரு துண்டு பிசகினால் முழுக் கட்டும் ஆடும். கணிதப் பக்கங்களுக்கு அச்சகங்கள் கூடுதல் கூலி கேட்டதில் நியாயம் இருந்தது.

கணினி இந்த வேலைக்குள் நுழைந்த கதையில் பலரும் டொனால்ட் கனூத்தின் பெயரை மட்டும் சொல்வார்கள். அவருக்கு முன்பே, 1974 வாக்கில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகனும் லோரிண்டா செர்ரியும் 'ஈக்யூஎன்' என்ற நிரலை எழுதியிருந்தார்கள். தட்டச்சு செய்பவருக்குக் கணிதம் தெரிந்திருக்கவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு சமன்பாட்டை வாய்விட்டுப் படித்தால் எப்படி இருக்குமோ அப்படியே, 'ஓவர்', 'சப்' என்று சாதாரணச் சொற்களால் அதை அடிக்க முடிந்தது. எது எதற்கு மேல் என்பதை ஆள் சொல்கிறார். எத்தனை பாயிண்ட் மேலே என்பதை நிரல் கணக்கிடுகிறது. இந்த வேலைப்பிரிவினைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்பேன்.

கனூத் அப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய பெருநூலின் முதல் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973ஆம் ஆண்டுகளில் ஈய எழுத்தில் அழகாக அச்சாகியிருந்தன. இரண்டாம் தொகுதியின் இரண்டாம் பதிப்புக்கான மெய்ப்பு 1977இல் அவர் கைக்கு வந்தது. அதற்குள் அச்சுலகம் ஈயத்தைக் கைவிட்டு ஒளி அச்சுக்கோப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. வந்த பக்கங்களின் தோற்றம் அவரை மனமுடைய வைத்தது. எண்ம முறையில் அச்சான பக்கங்களை அதற்குச் சற்று முன்புதான் அவர் பார்த்திருந்தார். எழுத்து என்பது மையுள்ள புள்ளியும் மையில்லாத புள்ளியும் சேர்ந்த கட்டம்தான் என்றால் அது தன் துறைக்குள் வந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது. அந்த ஆண்டு மே மாதமே 'டெக்' என்ற மென்பொருளுக்கான திட்டத்தை எழுதத் தொடங்கிவிட்டார். ஓராண்டு விடுப்பில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை சுமார் பத்தாண்டுகளைத் தின்றது.

அந்தப் பத்தாண்டுகளில் அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, நிரல் எழுதும் முன்னர் அவர் பழைய பக்கங்களை அளந்த விதம். ஸ்வீடனின் 'ஆக்டா மாத்தமாட்டிக்கா' ஆய்விதழின் பழைய இதழ்கள், நெதர்லாந்து ஆய்விதழ் ஒன்று, தன் நூலின் முதல் பதிப்பு ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, அடுக்கு எவ்வளவு உயர்ந்திருக்கிறது, குறிகளுக்கு இடையில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பார்த்தார். கைவேலைக்காரர்களின் விரல்களில் இருந்த அறிவு எண்களாக மாறியது. 1978 ஜனவரியில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கிப்ஸ் சொற்பொழிவை ஆற்ற அழைத்தபோது, கணித அச்சுக்கலையையே அவர் பொருளாக எடுத்துக்கொண்டார்.

அந்த எண்களில் சிலவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டெக் ஒவ்வொரு குறியையும் ஒரு வகையில் சேர்க்கிறது: சாதாரணக் குறி, பெரிய செயற்குறி, இரண்டுக்கு நடுவே வரும் செயற்குறி, உறவுக்குறி, திறக்கும் அடைப்பு, மூடும் அடைப்பு, நிறுத்தக்குறி என்று. எந்த வகைக்குப் பக்கத்தில் எந்த வகை வந்தால் எவ்வளவு இடைவெளி என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. 10 பாயிண்ட் எழுத்தில் கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இருபுறமும் ஏறத்தாழ 2.2 பாயிண்ட், சமக்குறிக்கு ஏறத்தாழ 2.8 பாயிண்ட். சமக்குறியை ஒட்டியோ சமன்பாட்டின் தொடக்கத்திலோ கழித்தல் குறி வந்தால், அது எண்ணின் தன்மையைச் சொல்லும் குறி என்று மென்பொருளே புரிந்துகொண்டு இடைவெளியை நீக்கிவிடும். அடுக்கில் இருக்கும் சின்ன எழுத்துகளுக்குள் இந்த இடைவெளிகள் மறைந்துவிடும், ஏனென்றால் அங்கே இடமில்லை.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் இந்த அட்டவணையில் ஒளிந்திருக்கிறது. நிறுத்தக்குறிக்குப் பின்னால் சிறு இடைவெளி விடவேண்டும் என்பது விதி. ஆகவே கணிதப் பகுதிக்குள் 1,00,000 என்று அடித்தால், காற்புள்ளிகளுக்குப் பின்னால் டெக் இடைவெளி விட்டு ஒரு இலட்சத்தை மூன்று துண்டாக்கிவிடும். காற்புள்ளியை நெளிவு அடைப்புக்குள் வைத்தால் இது நிற்கும். இலட்சமும் கோடியும் புழங்கும் நூல்களில் இந்த ஓட்டை விழுந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது உயரம். சமன்பாட்டுக்கு இரண்டு கோடுகள் உண்டு. எழுத்துகள் நிற்கும் அடித்தளக் கோடு ஒன்று. அதற்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத கணித அச்சு இன்னொன்று. கூட்டல் குறியின் நடு, கழித்தல் குறி, பின்னத்தின் கோடு, பெரிய அடைப்புகளின் மையம் எல்லாம் அந்த அச்சில்தான் கோத்திருக்கும். கனூத் வடிவமைத்த 'கம்ப்யூட்டர் மாடர்ன்' எழுத்துருவின் 10 பாயிண்ட் அளவில் இந்த அச்சு அடித்தளத்துக்கு 2.5 பாயிண்ட் மேலே இருக்கிறது. பின்னக் கோட்டின் தடிமன் 0.4 பாயிண்ட். அடுக்கு எவ்வளவு உயரவேண்டும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. சமன்பாடு தனிவரியில் நின்றால் ஏறத்தாழ 4.1 பாயிண்ட்; வாக்கியத்தின் நடுவே வந்தால் 3.6, பின்னத்தின் பகுதியிலோ வர்க்கமூலக் கூரைக்கு அடியிலோ வந்தால், தலை இடிக்காமல் இருக்க 2.9.

இதைச் சாதாரணப் பக்க வடிவமைப்பு மென்பொருளின் 'சூப்பர்ஸ்கிரிப்ட்' பொத்தானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்டிசைனில் அந்தப் பொத்தானின் இயல்பு அளவு 58.3 சதவீதம், உயர்வு 33.3 சதவீதம். எந்த இடமானாலும் அதே அளவுதான். 10 பாயிண்ட் எழுத்தை 5.83 பாயிண்டாகச் சுருக்கும்போது அதன் கோடுகளும் அதே விகிதத்தில் மெலிந்துபோகும். மட்டமான தாளில் அச்சடித்தால் அடுக்கு வெளிறித் தெரிவது இதனால்தான். கம்ப்யூட்டர் மாடர்னில் 10, 7, 5 பாயிண்டுக்குத் தனித்தனியே எழுத்து வரைந்திருக்கிறார்கள். சிறிய அளவுகளில் கோடு ஒப்பீட்டளவில் தடிமனாகவும் எழுத்து அகலமாகவும் இருக்கும். அடுக்குக்கு மேல் ஓர் அடுக்கு வந்தால் பொத்தான் கைவிரித்துவிடும்.

மேசைப் பதிப்பு என்ற புரட்சி 1985இல் வந்தது. ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர், ஆப்பிளின் லேசர்ரைட்டர், அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி மூன்றும் சேர்ந்து அச்சகத்தை ஒரு மேசைக்குள் கொண்டுவந்தன. அந்தப் புரட்சியில் கணிதத்துக்கு இடம் இருக்கவில்லை. பேஜ்மேக்கரும், 1987இல் வந்த குவார்க்எக்ஸ்பிரஸும், 1999இல் வந்த இன்டிசைனும் சமன்பாட்டுக் கருவி எதுவும் இல்லாமலே பிறந்தன. விளம்பரம், செய்தித்தாள், வார இதழ் செய்பவர்களுக்காக வடிவமைத்த கருவிகள் அவை. பின்னம் கேட்டு வாசலில் நின்றவர்கள் குறைவு. தொழில்நுட்பக் கையேடுகளுக்கான ஃபிரேம்மேக்கர் போன்ற சிலவற்றில்தான் உள்ளேயே சமன்பாடு அமைக்கும் வசதி இருந்தது. இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் பிற்காலத்தில், பக்கத்தில் ஒரு சட்டம் வரைந்து அதற்குள் லேடெக் கட்டளைகளை எழுதினால் சமன்பாடு வந்து நிற்கும்படி செய்தது. லேடெக் என்பது 1980களில் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் கட்டிய எளிய அடுக்கு.

மற்றவர்கள் படத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டிசைன் சயன்ஸ் நிறுவனத்தின் மேத்டைப்பில் சமன்பாட்டை அமைத்து, இபிஎஸ் ஃபைலாகச் சேமித்து, அதைப் பக்கத்துக்குள் வைப்பார்கள். இபிஎஸ் என்பது புள்ளிகளால் ஆன படம் அல்ல. இந்தக் கோட்டை இங்கே வரை, இந்த எழுத்தை இங்கே வை என்று அச்சு இயந்திரத்துக்குச் சொல்லும் கட்டளைத் தொகுப்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். அந்த வகையில் நல்ல வழிதான். தொல்லை வேறு இடத்தில் இருந்தது.

படத்துக்கு அடித்தளம் எதுவென்று பக்க மென்பொருளுக்குத் தெரியாது. அது படத்தின் அடி விளிம்பைப் பிடித்து வரியின் மேல் உட்கார வைக்கும். வாக்கியத்தின் நடுவே ஒரு பின்னம் வந்தால், அதன் கோடு பக்கத்திலுள்ள கூட்டல் குறியின் உயரத்தில் நிற்காமல், முழுப் பின்னமும் வரிக்கு மேலே எழும்பி நிற்கும். ஆபரேட்டர் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, கண்ணளவில் கீழே இறக்கவேண்டும். பிறகு பதிப்பாளர் வந்து எழுத்தின் அளவை 11இலிருந்து 10.5 ஆக்கச் சொன்னால், எல்லா எழுத்தும் ஒரே சொடுக்கில் மாறிவிடும். சமன்பாடுகள் பழைய அளவிலேயே நிற்கும். அத்தனையையும் மறுபடி இறக்கவேண்டும். இதனால்தான் பல நூல்களில் சமன்பாட்டின் எழுத்து பக்கத்துக்குப் பக்கம் ஒரு அளவில் இருக்கிறது. அது கவனக்குறைவு அல்ல, களைப்பு.

திரையில் தெரிவதை அப்படியே பிடித்து ஜேபெக் படமாக ஒட்டுவது இதைவிட மோசம். திரைக்கு அங்குலத்துக்கு 96 புள்ளி போதும். அச்சில் புகைப்படத்துக்கே 300 வேண்டும், மெல்லிய கோடுகளுக்கு அதற்கும் பல மடங்கு வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் உண்டு. திரைப் படத்தின் கறுப்பு, சிவப்பு-பச்சை-நீலக் கணக்கிலுள்ள கறுப்பு. அது நால்வண்ண அச்சுக்கு மாறும்போது கறுப்பு மையால் மட்டும் அச்சாகாமல், நான்கு மைகளின் கலவையாக மாறிவிடும். அச்சு இயந்திரத்தில் ஒரு தகடு இம்மியளவு விலகினாலும், சின்ன அடுக்கு எண்களைச் சுற்றி இளஞ்சிவப்பு நிழல் விழும். 5 பாயிண்ட் எழுத்தில் அந்த நிழல் போதும், 3ஐயும் 8ஐயும் பிரித்தறிய முடியாமல் செய்ய.

படமாக வைத்துக்கொள்வதில் இருக்கும் பெரிய நஷ்டம் காலம் கடந்துதான் தெரியும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் நெடுநாள் இருந்த பழைய சமன்பாட்டுத் திருத்தி டிசைன் சயன்ஸிடமிருந்து வாங்கியது. அதன் நிரலில் கடும் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2017 நவம்பரில் வெளியே வந்தது. அந்த நிரல் 2000ஆம் ஆண்டில் தொகுத்தது. பதினேழு ஆண்டுகளாக உலகின் கோடிக்கணக்கான கணினிகளில் அப்படியே கிடந்தது. 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை முழுவதுமாக நீக்கிவிட்டது. பழைய ஆவணங்களில் சமன்பாடுகள் படமாகத் தெரிந்தன. ஆனால் அவற்றில் ஒரு அடுக்கைத் திருத்தக்கூட வேர்டில் வழியில்லாமல் போனது. மேத்டைப் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தார்கள்.

வேர்டு அதற்குள் வேறு பாதையில் திரும்பியிருந்தது என்பது நல்ல செய்தி. 2007 பதிப்பிலேயே புதிய சமன்பாட்டு முறையும், அதற்கென்றே வரைந்த கேம்ப்ரியா மேத் எழுத்துருவும் வந்தன. மரே சார்ஜென்ட் என்ற இயற்பியலாளர் இதில் முக்கியப் பங்காற்றினார். கணித அச்சின் உயரம், பின்னக் கோட்டின் தடிமன், அடுக்கு எவ்வளவு உயரவேண்டும் என்பன போன்ற எண்களை எழுத்துருவுக்குள்ளேயே ஓர் அட்டவணையாகப் பொதிந்துவைத்தார்கள். கனூத் அளந்து வைத்த அறிவுதான் அதன் ஆதாரம். எழுத்துருவை மாற்றினால் விதிகளும் கூடவே மாறும். யூனிக்கோடும் இதற்குத் துணை நின்றது: 2001இல் வெளிவந்த அதன் 3.1 பதிப்பில் கணிதத்துக்கான சாய்வு, தடித்த எழுத்துகளுக்குத் தனிக் குறியெண்கள் கிடைத்தன. மியூ எப்போதும் மியூவாகவே இருக்கும் காலம் வந்தது. கழித்தல் குறிக்கும் தனி எண் உண்டு. விசைப்பலகையில் இருக்கும் சிறுகோடு சொற்களை இணைப்பதற்கானது; அது குட்டையானது, வரி முடிவில் உடையவும் செய்யும். −40 பாகை என்பதில் சிறுகோட்டைப் போட்டால், கோடு ஒரு வரியிலும் 40 அடுத்த வரியிலும் விழ வாய்ப்புண்டு. குளிர் வெயிலாகிவிடும்.

இனி தமிழ். தமிழ்க் கணித நூல்களில் மாறிகள் ஆங்கில எழுத்துகள்தான். ஆனால் பரப்பளவு = நீளம் × அகலம் என்பதைப் போலத் தமிழ்ச் சொற்களே சமன்பாட்டுக்குள் நிற்கும் இடங்கள் ஆரம்ப வகுப்புகளில் நிறைய. இதைக் கனூத்தின் மூல டெக் யூனிக்கோடு தமிழில் செய்யாது. 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ஸீடெக் வந்த பிறகே, கணினியில் இருக்கும் எந்தத் தமிழ் எழுத்துருவையும் நேரடியாகப் பயன்படுத்த முடிந்தது. அதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. கணிதப் பகுதிக்குள் தமிழ்ச் சொல்லை அப்படியே அடித்தால், கணித எழுத்துருவில் தமிழ் இல்லாததால் அந்த இடம் வெறுமையாகிவிடும். மென்பொருள் நிற்காது, பிழை என்று கத்தாது, பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். பக்கத்தில் சமக்குறியும் பெருக்கல் குறியும் மட்டும் மிஞ்சும். தமிழ்ச் சொற்களை உரை என்று குறித்து, அதற்கான கட்டளைக்குள் வைத்தால்தான் கொம்பும் காலும் சரியாகச் சேர்ந்த எழுத்து வரும்.

இன்டிசைனில் யூனிக்கோடு தமிழ் ஒழுங்காக வந்ததே 2012இல் சிஎஸ்6 பதிப்பில் இந்திய மொழிகளுக்கான வரியமைப்பு முறை சேர்ந்த பிறகுதான். அதனால் பலர் பழைய எட்டு பிட் எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டார்கள். எக்ஸ் 'ஒ' ஆகும் ஆபத்தும் அவர்களோடு தங்கிவிட்டது. இப்போதும் அப்படித் தங்கியிருப்பவர்களுக்கு நான் சொல்வது: கணித நூல் எடுப்பதாக இருந்தால் முதலில் யூனிக்கோடுக்கு வாருங்கள். மாறிகளுக்கு ஓர் எழுத்துப் பாணியை உருவாக்கி, ஒவ்வொரு மாறிக்கும் அதையே கொடுங்கள். அளவையும் பார்த்து வையுங்கள். 11 பாயிண்ட் தமிழ் எழுத்தும் 11 பாயிண்ட் ஆங்கில எழுத்தும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிவதில்லை; எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும். ஒரு பத்தியை அச்சிட்டுப் பார்த்து, சமன்பாட்டின் எண்கள் பக்கத்துத் தமிழ் எழுத்தோடு இயல்பாக நிற்கும்வரை அளவைத் திருத்திவிட்டு, பிறகு நூல் முழுதும் அதையே வைத்துக்கொள்ளவேண்டும். வாக்கியத்துக்குள் வரும் பின்னங்களைச் சாய்கோட்டில் எழுதுவதே தமிழுக்கு நல்லது. கூ, நூ, ழு போன்ற எழுத்துகள் கீழே இறங்குபவை. அடுத்த வரியின் பின்னத் தொகுதி அவற்றை முட்டும்.

ஒரு வருத்தத்தை இங்கே சொல்லியாகவேண்டும். உலகின் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் பலவற்றின் கணிதப் பக்கங்களைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்கள்தான் கோத்துக் கொடுக்கிறார்கள். பக்கத்து மாநிலத் தலைநகர் திருவனந்தபுரத்தில் டெக் பயனர்களின் உலக மாநாடு 2002இலும் 2011இலும் நடந்தது. இவ்வளவு தேர்ந்த கைகள் இங்கே இருக்கும்போது, நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்க் கணித நூலில் மங்கலான படங்களாகச் சமன்பாடுகள் ஒட்டிக்கிடப்பது ஏற்கத்தக்கதல்ல. அந்தத் திறமையில் ஒரு பங்கைத் தமிழ் நூலுக்குக் கேட்டுப்பெறவேண்டியது பதிப்பாளர்களின் வேலை.

எந்த வழியைத் தேர்வது என்று கேட்டால், நூல் முழுதும் கணிதமாக இருந்தால் தயங்காமல் லேடெக்கிலேயே முழு நூலையும் அமைக்கச் சொல்வேன். கற்றுக்கொள்ளச் சில வாரம் பிடிக்கும். பிறகு சமன்பாட்டின் எண்ணிடலும், 'சமன்பாடு 4.7ஐப் பார்க்க' என்பது போன்ற குறிப்புகளும் தாமாகவே ஒழுங்காகும். படங்களும் பெட்டிச் செய்திகளும் நிறைந்த பள்ளி நூலென்றால் இன்டிசைன்தான் வசதி. 2024 அக்டோபரில் வெளிவந்த அதன் பதிப்பில், 'மேத்எம்எல்' குறிமொழியில் எழுதிய சமன்பாட்டைப் பக்கத்துக்குள் கொண்டுவரும் வசதி சேர்ந்திருக்கிறது. மேத்எம்எல்லை வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி 1998இலேயே பரிந்துரைத்தது. குரோம் உலாவி அதை நேரடியாகக் காட்டத் தொடங்கியது 2023 ஜனவரியில். கால்நூற்றாண்டுத் தாமதம்தான், ஆனால் வந்துவிட்டது. இந்தக் குறிமொழியில் ஒரு பின்னம் என்பது பெயரிட்ட ஒரு பெட்டி. அதன் முதல் உறுப்பு தொகுதி, இரண்டாவது உறுப்பு பகுதி. அடுக்கு என்பது இன்னொரு பெட்டி. முதலில் அடிமானம், பிறகு அடுக்கு. 2⁵ இங்கே 25 ஆக வழியில்லை.

பெட்டியாக எழுதி வைப்பதன் பயன் அச்சோடு நிற்கவில்லை. பதினான்கு வயதில் பார்வையை இழந்த டி.வி. ராமன், புனேயிலும் பம்பாய் ஐஐடியிலும் படித்துவிட்டு கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1994இல் தன் முனைவர் பட்ட ஆய்வாக 'ஆஸ்டர்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அது லேடெக்கில் எழுதிய ஆவணத்தை எடுத்து, அதன் சமன்பாடுகளைக் குரலால் வாசித்தது. அடுக்கு வந்தால் குரல் உச்சத்துக்கு ஏறும். கீழெழுத்து வந்தால் இறங்கும். உயரத்தைக் காதால் கேட்கவைத்தார் அவர். அந்த ஆவணங்களில் சமன்பாடு படமாக இருந்திருந்தால் ஆஸ்டருக்கு வாசிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

தமிழில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தனி வேலை காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் பின்னத்தை மேலிருந்து கீழே வாசிப்பார்கள். முதலில் தொகுதி, பிறகு பகுதி. தமிழில் 3/5ஐ ஐந்தில் மூன்று என்கிறோம். கீழே இருப்பதை முதலில் எடுக்கிறோம். ஆங்கில முறைப்படி எழுதிய வாசிப்பு நிரலில் சொற்களை மட்டும் தமிழாக்கினால் வரிசை தலைகீழாகிவிடும். மேத்எம்எல் பெட்டியில் எது தொகுதி, எது பகுதி என்று குறித்தே இருப்பதால், தமிழ் நிரல் இரண்டாம் உறுப்பை முதலில் எடுத்து வாசிக்கலாம். எண்கள் மட்டும் இருந்தால் இது எளிது. தொகுதியிலும் பகுதியிலும் நீண்ட கோவைகள் இருந்தால், பகுதி எங்கே முடிகிறது, தொகுதி எங்கே தொடங்குகிறது என்று கேட்பவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்பதைக் கணித ஆசிரியர்களும் பார்வையற்ற மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து வகுக்கவேண்டும். கரும்பலகைக்கு முன்னால் நின்று, எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியர்களிடம் அதற்கான சொல்முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. தொகுத்து எழுதவேண்டியதுதான் பாக்கி.